மின்னேற்றியின் பழுதுமேசை: ஒரு தொழிலறிவின் வரலாறு

பேட்டரி சார்ஜர் என்று வழங்கும் மின்னேற்றி மூன்று வேலைகளைச் செய்தாக வேண்டும்: தெருக்கம்பியிலிருந்து வரும் உயர்ந்த மின்னழுத்தத்தைத் தாழ்த்த வேண்டும், நொடிக்குப் பலமுறை திசை மாறும் மின்னோட்டத்தை ஒரே திசையில் பாயும் நேர்த்திசை மின்னோட்டமாக்க வேண்டும், பேட்டரி நிறைந்த பின் ஓட்டத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். இம்மூன்றையும் நிறைவேற்றிய கருவிகள் ஏறத்தாழ 140 ஆண்டுகளில் பலமுறை அடியோடு மாறின. கருவி மாறிய ஒவ்வொரு முறையும் அதனால் நேரும் ஆபத்தும் இடம் மாறியது. அந்த ஆபத்தைக் கண்டறிந்து, அதற்கேற்பக் கையை எங்கே வைப்பது, எங்கே வைக்கக் கூடாது என்று வகுத்தவர்கள் பழுது பார்ப்பவர்களே. மின்னியல் வரலாற்று நூல்கள் கண்டுபிடித்தவர்களைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டு, கெட்டுப்போனவற்றைத் திருத்தியவர்களை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது பெருங்குறை. ஏனெனில், இன்று பழுதுமேசையில் காலங்காலமாக இருந்து வருவன போலக் கடைப்பிடிக்கப்படும் விதிகள் பலவும் ஏதோ ஒரு பழைய கருவி விட்டுச்சென்ற பாடங்களே.

பிரான்சைச் சேர்ந்த காஸ்டன் பிளாண்டே 1859இல் ஈயத்தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க மின்கலத்தை அமைத்தபோது, மின்னேற்றி என்ற தனிக்கருவி தேவைப்படவில்லை. அவர் மற்ற வேதி மின்கலங்களைக் கொண்டே அதற்கு மின்னேற்றினார். 1881இல் கமீல் ஃபோர் ஈயத்தகட்டின்மீது ஈய ஆக்சைடுப் பசையைப் பூசும் முறையைக் கொண்டுவந்த பின்னரே ஈய-அமில பேட்டரி தொழிற்சாலைப் பொருளாயிற்று. அடுத்த ஆண்டில் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் நேர்த்திசை மின்னோட்டத்தை வழங்கத் தொடங்கியது. அத்தகைய 110 வோல்ட் இணைப்பிலிருந்து 6 வோல்ட் பேட்டரிக்கு மின்னேற்றுவதற்கு அக்காலப் பணியாளர்கள் கையாண்ட முறை மிக எளிது: பேட்டரியோடு தொடராகக் கரி இழை விளக்குகளை இணைத்தனர். 16 மெழுகுவர்த்தி ஒளி தரும் விளக்கு ஒன்று ஏறத்தாழ அரை ஆம்பியர் மின்னோட்டத்தைக் கடத்தும். ஆகவே இத்தகைய விளக்குகள் எட்டினை ஒன்றோடொன்று பக்க இணைப்பில் பலகையில் பொருத்தினால் பேட்டரிக்குள் 4 ஆம்பியர் அளவில் பாயும். விளக்கைக் கழற்றினால் ஓட்டம் குறையும், மாட்டினால் கூடும். கம்பியிலிருந்து எடுத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூடப் பேட்டரியைச் சேராமல் விளக்குகளில் வெப்பமாகவும் ஒளியாகவும் கரைந்ததை யாரும் பெரிதாகக் கருதவில்லை.

இந்த விளக்குப் பலகைக்கு ஒரு குறை இருந்தது. பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே 6 வோல்ட்தான் இருந்தது என்றாலும், தெருக்கம்பிக்கும் பேட்டரிக்கும் நடுவே மின்பிரிப்பு இல்லை. அதாவது, உள்ளே வரும் கம்பியையும் வெளியே செல்லும் கம்பியையும் உலோகத் தொடர்பின்றிப் பிரித்துவைக்கும் ஏற்பாடு இல்லை. ஈரத்தரையில் நின்று பேட்டரி முனையைத் தொட்டவரின் உடல் வழியாக முழு 110 வோல்ட்டும் தரைக்கு இறங்க வழியிருந்தது. வெளியேறும் மின்னழுத்தம் சிறிது என்பதால் கருவி பாதுகாப்பானது என்று கொள்ளக் கூடாது என்னும் பாடம் இங்கேயே தொடங்குகிறது.

ஈய-அமில பேட்டரி தன் பங்குக்கு இன்னொரு விதியைத் தந்தது. ஒரு மின்கலத்தின் அழுத்தம் சுமார் 2.4 வோல்ட்டை நெருங்கும்போது அமிலக்கரைசலில் உள்ள நீர் சிதைந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழிடத் தொடங்குகின்றன. காற்றில் 4 விழுக்காட்டைத் தாண்டினாலே ஹைட்ரஜன் தீப்பற்றத்தக்க கலவையாகிறது, ஒரு சிறு தீப்பொறியே அதற்குப் போதும். மின்னோட்டம் பாயும்போதே பேட்டரி முனையிலிருந்து பிடிப்பானைப் பிடுங்கினால் தோன்றும் பொறி சரியாக அந்த வாயு வெளிவரும் இடத்திலேயே தோன்றுகிறது என்பதுதான் இதன் கொடுமை. முதலில் சார்ஜரை அணைத்து, பின்னர் பிடிப்பானைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது பிடிப்பானை முதலில் மாட்டி, கடைசியாகச் சுவிட்சைப் போட வேண்டும் என்ற ஒழுங்கு அதிலிருந்து பிறந்தது. பேட்டரிக் கூடங்களில் சன்னல்களைத் திறந்தே வைக்கும் வழக்கமும், கண்ணில் அமிலம் தெறித்தால் உடனே கழுவ நீர் அருகில் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் இக்காலத்தனவே.

மாறுதிசை மின்னோட்டம் நகரங்களை ஆளத் தொடங்கியதும் விளக்குப் பலகை பயனற்றுப்போனது, ஏனெனில் திசை மாறும் ஓட்டம் பேட்டரியை நிரப்பாது. மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் திருத்தி என்னும் உறுப்பு தேவைப்பட்டது. அமெரிக்கரான பீட்டர் கூப்பர் ஹெவிட் 1902இல் உருவாக்கிய பாதரச வில் திருத்தி அவ்வகையில் முதலில் பரவலான பயனுக்கு வந்தவற்றுள் ஒன்று. காற்று நீக்கிய பெரிய கண்ணாடிக் குமிழின் அடியில் பாதரசம் தேங்கியிருக்கும். தொடக்கக் கருவிகளில் குமிழைச் சற்றே சாய்த்துப் பாதரசத்தைத் துணைமுனையோடு தொடச்செய்து, பின் நிமிர்த்தும்போது மின்வில் மூளும். அக்கால மின்கார்களின் கொட்டகைகளில் இந்தக் குமிழ்கள் நீலப்பச்சை ஒளியோடு துடித்துக்கொண்டிருந்தன. இவற்றைப் பழுது பார்த்தவருக்கு ஒரு பெரிய வசதி இருந்தது: கருவியின் நோய் கண்ணுக்குத் தெரிந்தது. வில் மூளவில்லையா, மூண்டு அணைகிறதா என்பதைப் பார்வையாலேயே அறியலாம். குமிழ் உடைந்தால் மட்டும் பாதரச ஆவி அறைக்குள் பரவும்; அது கண்ணுக்குத் தெரியாத நஞ்சு.

மின்னேற்றியை வீட்டுக்குள் கொண்டுவந்தது வானொலி. 1920களின் ரேடியோப் பெட்டிகளில் வால்வுகளின் இழைகளைச் சூடாக்க 6 வோல்ட் ஈய-அமில பேட்டரி ஒன்று தேவைப்பட்டது. அது சில நாள்களில் தீர்ந்துபோகும். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் விற்ற டங்கர் சார்ஜர், ஆர்கான் வாயு நிரப்பிய குமிழுக்குள் சூடான டங்ஸ்டன் இழையையும் கிராஃபைட் முனையையும் வைத்து மின்னோட்டத்தைத் திருத்தியது. சாதாரண விளக்கைப் போலவே குமிழைத் திருகிக் கழற்றிப் புதியதை மாட்டலாம் என்பதால் பெரும்பாலான பழுதுகளை வீட்டுக்காரரே நீக்கிக்கொண்டார். ஆனால் விலையைக் குறைப்பதற்காக அக்காலச் சார்ஜர்கள் சிலவற்றில் தனித்தனிச் சுருள்கள் கொண்ட மின்மாற்றிக்குப் பதிலாக ஒற்றைச் சுருளில் இடையிடையே முனை எடுக்கும் தன்மின்மாற்றி வைக்கப்பட்டது. அதனால் விளக்குப் பலகையின் பழைய குறையே கூடத்து மேசைக்கு வந்துசேர்ந்தது. இங்கிலாந்தில் பலர் வீட்டிலேயே சார்ஜர் வைக்காமல், 2 வோல்ட் கண்ணாடிப் பேட்டரியை வாரந்தோறும் சைக்கிள் கடைக்கோ கார் கொட்டகைக்கோ எடுத்துச்சென்று மாற்றிக்கொண்டனர். மின்னேற்றிக் கொடுப்பதே ஒரு தனித்தொழிலாக அங்கே சில பத்தாண்டுகள் நிலைத்தது.

கண்ணாடிக் குமிழ்களின் இடத்தை உலோகத்தகடுகள் பிடித்தன. 1920களில் தாமிர ஆக்சைடுத் திருத்தியும் 1930களில் செலினியம் திருத்தியும் விற்பனைக்கு வந்தன. செலினியம் பூசிய தகடுகளை ஒரு கம்பியில் வரிசையாகக் கோத்து, வெப்பம் வெளியேற இடைவெளி விட்டு அமைத்த அடுக்கே செலினியம் திருத்தி. அதிர்வைத் தாங்கும், உடையாது. ஆயினும் ஆண்டுகள் செல்லச்செல்ல அதன் உட்தடை கூடி, பேட்டரி நிறைய நெடுநேரம் ஆகும். மிகுதியான ஓட்டத்தால் அது எரிந்துபோனால் அழுகிய முட்டைக்கோசை ஒத்த கடும் நாற்றம் எழும். அந்தப் புகை நச்சுத்தன்மையுள்ளது. நாற்றம் வந்தவுடன் இணைப்பைத் துண்டித்து, அறையை விட்டு வெளியேறிக் காற்றோட்டம் வந்த பின்னரே திரும்ப வேண்டும் என்பது செலினியம் காலத்து விதி.

சிலிக்கன் டயோடு 1950களின் பிற்பகுதியிலிருந்து மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபோது, எரிந்த செலினியம் அடுக்கைக் கழற்றிவிட்டு நான்கு சிலிக்கன் டயோடுகளை வைப்பது பழுது பார்ப்பவர்களின் வழக்கமாயிற்று. பார்வைக்கு இது முழுமையான மேம்பாடு. உண்மையில் இதில் ஒரு பொறி இருந்தது. செலினியம் தகடுகளில் வீணாகும் அழுத்தத்தைக் கணக்கிட்டே பழைய மின்மாற்றி சுற்றப்பட்டிருந்தது. சிலிக்கனில் அந்த இழப்பு மிகக் குறைவு. எனவே திருத்திய சார்ஜர் முன்னைவிட அதிக அழுத்தத்தைத் தந்து, பேட்டரியைக் கொதிக்கவைத்து நீரை வற்றச்செய்தது. அனுபவமுள்ளவர்கள் தொடராக ஒரு தடையைச் சேர்த்து, வெளிவரும் அழுத்தத்தை அளந்த பின்னரே கருவியை ஒப்படைத்தனர். கெட்ட உறுப்பைவிடச் சிறந்த உறுப்பை வைப்பதனாலேயே கருவி சரியாகிவிடாது என்ற அறிவு இத்தொழிலின் மிக நுட்பமான பேறுகளுள் ஒன்று. இதைப் பாடநூல் முதலில் சொல்லவில்லை, வற்றிப்போன பேட்டரிகளோடு திரும்பிவந்த வாடிக்கையாளர்களே சொன்னார்கள் என்று கொள்வதில் தவறிருக்காது.

மின்மாற்றியும் சிலிக்கன் டயோடும் இணைந்த சார்ஜரே இவ்வரலாற்றில் பழுது பார்ப்பவருக்கு மிகவும் இணக்கமாக இருந்தது. எடை மிகுந்த இரும்பு உள்ளகத்தில் இரு சுருள்களும் தனித்தனியே இருந்ததால் மின்பிரிப்பு முழுமையாக இருந்தது, உறுப்புகள் சிலவே, ஒவ்வொன்றையும் கழற்றி அளக்கலாம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் பேட்டரிக் கடைகளில் லாரி, டிராக்டர் பேட்டரிகள் வரிசையாக நிற்க, அமிலத்தின் அடர்த்தியைக் கண்ணாடிக் குழாயில் மிதக்கும் ஹைட்ரோமீட்டரால் பார்த்து ‘கிராவிட்டி’ ஏறிவிட்டதா என்று சொல்லும் தொழில் இவ்வகைச் சார்ஜரைச் சார்ந்தே வளர்ந்தது. மின்வசதி முற்றாக அற்றுப்போன இடத்தில் இத்தொழில் வேறு வடிவம் கொண்டது. 1990க்குப் பின் போரும் பொருளாதாரத் தடையும் மின்சாரத்தையும் பேட்டரியையும் பறித்துவிட்ட யாழ்ப்பாணக் குடாநாட்டில், மக்கள் சைக்கிள் டைனமோவை மிதித்துச் சுழற்றி வானொலி கேட்டனர். அந்த மக்களின் கைத்திறன் மின்னியல் வரலாற்றில் முறையாக எழுதப்பட வேண்டிய ஓர் இயல்.

இரும்பும் தாமிரமும் விலை கூடியவை. அவற்றைத் தவிர்க்கும் முயற்சியிலிருந்து, தெற்காசிய வீடுகளில் மிகப் பரவிய ஆபத்தான சார்ஜர் ஒன்று தோன்றியது. மின்வெட்டுக் காலங்களில் மலிவாக விற்ற எமர்ஜென்சி விளக்குகளிலும் சார்ஜ் டார்ச்லைட்டுகளிலும் பெரும்பாலும் மின்மாற்றி இருப்பதில்லை. ஒரு மின்தேக்கியைத் தொடராக வைத்து மின்னோட்டத்தை மட்டுப்படுத்திவிடுகிறார்கள். மின்தேக்கி என்பது மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் உறுப்பு; மாறுதிசை மின்னோட்டத்தில் அது தடையைப் போல நடந்துகொள்கிறது. கணக்கின்படி இது விளக்குப் பலகையேதான்: வெப்ப இழப்பு நீங்கியது, மின்பிரிப்பு இல்லாத குறை அப்படியே தொடர்ந்தது. 4 வோல்ட் பேட்டரி, எல்.இ.டி., சுவிட்சு ஆகிய எல்லாமே சார்ஜ் ஏறும் நேரத்தில் 230 வோல்ட் கம்பியோடு நேரடித் தொடர்பில் இருக்கின்றன. ஆகையால் இவ்வகை விளக்கைப் பிளக்கில் மாட்டிய நிலையில் ஒருபோதும் திறக்கக் கூடாது. உறையில் விரிசல் கண்டாலே அதைப் பழுது பார்ப்பதைவிடக் கைவிடுவதே முறை.

மறுபக்கம், 1970கள் முதல் பரவிய சுவிட்சிங் முறை மின்னேற்றியின் அளவைச் சுருக்கியது. இம்முறையில் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம் முதலிலேயே திருத்தப்பட்டு, ஒரு பெரிய மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்த்திசை அழுத்தமாகச் சேர்க்கப்படுகிறது. பின்னர் ஒரு டிரான்சிஸ்டர் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டிவெட்டி ஒரு சிறு மின்மாற்றிக்கு அனுப்புகிறது. வேகம் கூடியதால் மின்மாற்றி தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. இங்கேதான் பழுது பார்ப்பவருக்கு இதுவரை இல்லாத புதிய நிலைமை ஏற்பட்டது. வேலை செய்யும் சார்ஜரைப் பிளக்கிலிருந்து பிடுங்கினால் அந்த மின்தேக்கியின் மின்னூட்டம் சுற்றின் வழியே விரைவில் வடிந்துவிடும். டிரான்சிஸ்டரோ அதை இயக்கும் சில்லோ செயலிழந்த சார்ஜரில் வடிவதற்கு வழியில்லை. பிடுங்கி நெடுநேரமான பின்பும் 325 வோல்ட் அங்கே காத்திருக்கக் கூடும். 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியில் அது ஏறத்தாழ 5 ஜூல் ஆற்றல். கெட்டுப்போன கருவி, நன்றாக ஓடும் கருவியைவிட ஆபத்தானது என்பது முந்தைய எந்தத் தலைமுறைச் சார்ஜருக்கும் இந்த அளவுக்குப் பொருந்தியதில்லை.

அதனால் புதிய ஒழுங்கு வகுக்கப்பட்டது. பிளக்கைப் பிடுங்கிய பின் முதல் வேலை, அந்த மின்தேக்கியின் இரு முனைகளையும் மீட்டரால் அளப்பது. மின்னூட்டம் இருந்தால் சில கிலோஓம் அளவும் சில வாட் தாங்குதிறனும் கொண்ட தடை ஒன்றைக் காப்புறையிட்ட கம்பிகளால் தொடுவித்து வடிப்பது. மீண்டும் அளந்து உறுதிசெய்வது. ஸ்குரூடிரைவரால் இரு முனைகளையும் இணைத்து வெடிக்கச்செய்யும் பழக்கம் இன்றும் பல மேசைகளில் உண்டு. அது மின்தேக்கியையும் பலகையின் தாமிரத் தடத்தையும் சில வேளைகளில் கண்ணையும் கெடுக்கும்.

அடுத்த விதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் விளக்கு வேறொரு பணியோடு மீள்கிறது. உறுப்பு மாற்றிய சார்ஜரை நேரே பிளக்கில் மாட்டாமல், 60 வாட் இழை விளக்கு ஒன்றைத் தொடராக இணைத்த ‘சீரிஸ் பல்பு’ பலகையின் வழியே மாட்டிப் பார்ப்பது சென்னை ரிச்சி தெரு முதல் எல்லா ஊர்ப் பழுதுக் கடைகளிலும் காணப்படும் வழக்கம். டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை சூடான நிலையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே நல்ல சார்ஜருக்கு அது தடையாக நிற்காமல், மின்தேக்கி நிறையும் கணத்தில் ஒரு முறை மினுங்கி அணைகிறது. உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் விளக்கு முழு ஒளியோடு எரிந்து, ஓட்டத்தைக் கால் ஆம்பியர் அளவிலேயே நிறுத்திவைக்கிறது. எல்.இ.டி. விளக்கு இப்பணிக்கு உதவாது, அதனுள் இருப்பதும் ஒரு மின்னணுச் சுற்றே. சீரிஸ் பல்பு உறுப்புகளைத்தான் காக்கிறது, ஆளைக் காப்பதில்லை என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஆளைக் காப்பதற்கு மின்பிரிப்பு மின்மாற்றியும், தரைக்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சும் வேண்டும்.

சுவிட்சிங் சார்ஜரின் நோய்களும் தனித்தன்மை கொண்டவை. கருகிப்போன ஃபியூஸ் அரிதாகவே தானாகக் கெடுகிறது; அதன் பின்னால் டயோடுப் பாலமோ டிரான்சிஸ்டரோ குறுக்குச்சுற்றாகியிருக்கும், ஆகவே அவற்றை அளக்காமல் புது ஃபியூஸ் இடுவது வீண். 2000ஆம் ஆண்டையொட்டிய சில ஆண்டுகளில் தரக்குறைவான கரைசல் நிரப்பிய மின்தேக்கிகள் உலகெங்கும் உப்பி வெடித்தன. உச்சி வீங்கிய மின்தேக்கியைக் கண்ணால் தேடும் பழக்கத்தை அக்காலம் உறுதிப்படுத்தியது. வெளிவரும் அழுத்தத்தைக் கண்காணித்து, ஒளியிணைப்பி என்ற உறுப்பின் வழியே ஒளியாகச் செய்தி அனுப்பி முன்பகுதியைக் கட்டுப்படுத்தும் சுற்றுக் கெட்டால், பாதுகாப்பு ஏற்பாடு இல்லாத மலிவுச் சார்ஜரில் அழுத்தம் கட்டின்றி உயர்ந்துவிடும். உயர்அழுத்தப் பகுதியையும் தாழ்அழுத்தப் பகுதியையும் இணைக்கும் நீலநிறச் சிறு மின்தேக்கி ஒன்று பெரும்பாலான சார்ஜர்களில் உண்டு. இது ஒய் வகை எனப்படும். கெடும்போது குறுக்குச்சுற்றாகாமல் திறந்துபோகும் வகையில் செய்யப்பட்டது. அதன் இடத்தில் அதே அளவுள்ள சாதாரண மின்தேக்கியை வைப்பவர், சார்ஜர் ஓடுவதைக் கண்டு பணி முடிந்ததென்று எண்ணலாம். அது ஒருநாள் குறுக்குச்சுற்றாகும்போது 230 வோல்ட் நேரே பயனரின் கைக்கு வந்துசேரும்.

1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பின், மூன்றாவது வேலையான ‘போதும்’ என்று நிறுத்துதல் முதன்மை பெற்றது. ஈய-அமில பேட்டரி சிறிது மிகை மின்னேற்றத்தை நீரை இழந்து பொறுத்துக்கொள்ளும். வழக்கமான லித்தியம் அயனி மின்கலமோ 4.2 வோல்ட்டைத் தாண்டினால் உள்ளிருந்தே வெப்பம் பெருகித் தீப்பற்றும் நிலைக்குச் செல்லக்கூடும். முதலில் மாறா ஓட்டம், பின்னர் மாறா அழுத்தம் என்ற இருகட்ட முறை இதனால் கட்டாயமாயிற்று. கைப்பேசியில் இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் கருவிக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது. மக்கள் சார்ஜர் என்று அழைக்கும் சுவர்ப் பெட்டி அழுத்தம் வழங்கும் மூலமாக மட்டும் சுருங்கியது. சார்ஜ் ஏறவில்லை என்று வரும் கைப்பேசியில் பெட்டி, கம்பி, துளை, உட்சில்லு, பேட்டரி என்று ஐந்து இடங்களில் தேட வேண்டியிருப்பதற்கு இப்பிரிவினையே காரணம்.

மின் ஸ்கூட்டர்களின் சார்ஜர்கள் இன்று இதே சிறு கடைகளின் மேசைக்கு வந்துள்ளன. ‘48 வோல்ட்’ என்ற ஒரே எழுத்தைத் தாங்கிய இரு சார்ஜர்கள் தோற்றத்தில் ஒன்றாகவே இருக்கலாம். நான்கு 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிகளுக்குரியது சுமார் 58 வோல்ட் வரை ஏறும். பதின்மூன்று லித்தியம் அயனி மின்கலங்களைத் தொடராகக் கொண்ட பேட்டரிக்குரியது 54.6 வோல்ட்டில் நின்றாக வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு ஈய-அமில பேட்டரியின் சார்ஜரைக் கொடுத்தால், ஒவ்வொரு மின்கலமும் ஏறத்தாழ 4.46 வோல்ட்டுக்குத் தள்ளப்படும். அப்போது விபத்தைத் தடுக்கப் பேட்டரிக்குள் இருக்கும் காப்புச்சுற்று ஒன்றே மிஞ்சும், அதுவும் கெட்டிருந்தால் தடுப்பதற்கு ஒன்றுமில்லை. எனவே பழுது நீக்கிய சார்ஜரைப் பேட்டரியோடு இணைப்பதற்கு முன், பேட்டரியின் வகையையும் மின்கலங்களின் எண்ணிக்கையையும் கேட்டறிந்து, சுமையற்ற நிலையில் வெளியழுத்தத்தை அளந்து, பின்னர் பொருத்தமான தடைச்சுமையை இணைத்து அழுத்தமும் ஓட்டமும் நிலையாக நிற்கின்றனவா என்று பார்த்து, அந்த அளவுகளைச் சார்ஜரின் உறைமேல் எழுதி ஒட்டிக் கொடுப்பதைச் சில கடைக்காரர்கள் வழக்கமாக்கி வருகின்றனர்.